அரிச்சுவடியா, சொல்லா, கதையா? வீட்டில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வழிகள்

குழந்தைக்கு ஐந்து வயது நெருங்கும்போது பல தமிழ் வீடுகளில் சுவரில் ஓர் எழுத்து அட்டவணை ஏறிவிடும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பிள்ளை அதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டால் எழுத்து முடிந்தது என்று மகிழ்கிறோம். வேறு சில வீடுகளில் முழுச் சொற்களை அட்டையில் காட்டிப் பழக்குகிறார்கள். இன்னும் சிலர் நாலைந்து எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே அவற்றால் சொற்களைக் கட்டுகிறார்கள். மூன்று வழிகளிலும் கற்ற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றை நான் அளக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்று கற்ற எழுத்தைக் கொண்டு குழந்தையால் இன்றே எதை வாசிக்க முடிகிறது?

அரிச்சுவடி வரிசை

இந்த வரிசையை அமைத்தவர்கள் ஒலியை நுட்பமாகக் கவனித்தவர்கள். குறிலும் நெடிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று வல்லினமும் அதன் இன மெல்லினமும் சேர்ந்தே வருகின்றன. ஒலி பிறக்கும் இடம் அடிநாவில் தொடங்கி உதட்டுக்கு நகர்கிறது. பின்னாளில் அகராதி பார்க்கவும் இந்த வரிசைதான் வேண்டும். ராகம் போட்டுச் சொன்னால் குழந்தைக்குப் பிடித்தும் போகிறது.

ஆனால் என் அளவுகோலில் இது பின்தங்குகிறது. 12 உயிரெழுத்தையும் முடித்த குழந்தையால் வாசிக்க முடிவது ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களை மட்டுமே. மெய்யெழுத்தில் இரண்டாவதாக வருவது ங். தங்கம், சங்கு என்று புள்ளியோடு அது எங்கும் இருக்கிறது; ஆனால் ங, ஙா, ஙி என்ற வரிசை எந்தக் கதைப் புத்தகத்திலும் குழந்தையின் கண்ணில் படப்போவதில்லை. 'கா' எழுதச் செலவாகும் அதே உழைப்பு 'ஙௌ' எழுதவும் செலவாகிறது.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி அட்டவணை முழுவதையும் தடையின்றிச் சொல்வாள். ஒரு தாளில் 'கூடு' என்று எழுதிக் காட்டினேன். உதடுகள் அசைந்தன: க, கா, கி, கீ, கு, கூ. அங்கே நின்றாள். அடுத்த எழுத்துக்கு ட, டா, டி, டீ என்று மறுபடி புறப்பட்டாள். 'டு'வைப் பிடித்தபோது 'கூ' கைவிட்டுப் போயிருந்தது. அட்டவணையில் எழுத்து எங்கே இருக்கிறது என்பதை அவள் அறிந்திருந்தாள். தனியாக நிற்கும் எழுத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் பழக்கம் அவளுக்குத் தரப்படவில்லை. குறை குழந்தையுடையது அல்லவே.

மெய்யெழுத்தை இக், இங், இச் என்று சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மரம்' என்பதை 'ம, ர, இம்' என்று கூட்டும் குழந்தைக்கு அது மரமாகக் கேட்பதில்லை. உதடுகளை மூடி 'ம்' என்று முனகிக் காட்டினால் போதும். முன்னால் இகரம் வேண்டாம்.

சில எழுத்து, உடனே சொல்

ப, ட, ம, ர, வ. இந்த ஐந்தையும் ஒரு புள்ளியையும் கொடுங்கள். படம், பட்டம், மடம், மட்டம், மரம், வரம், வடம், வட்டம் என்று எட்டுச் சொற்கள் கிடைக்கின்றன. அடுத்த வாரம் துணைக்காலைச் சேர்த்தால் பாடம், வாரம், பாரம், மாடம், மாவட்டம். 'படம் பார்' என்று ஒரு முழு வாக்கியமும் வந்துவிடுகிறது. அதைத் தானே கூட்டி வாசித்து, படத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தையின் முகத்தைக் கண்ட எவரும் அட்டவணைக்குத் திரும்ப மாட்டார்கள்.

வடிவமும் கைகொடுக்கிறது. ட, ப இரண்டும் நேர்க்கோடுகளால் ஆனவை. அ என்பதோ சுழி, வளைவு, கோடு எல்லாம் சேர்ந்தது; பிஞ்சு விரலுக்குப் பெரிய வேலை. விஜயதசமியன்று அரிசியில் கைபிடித்து அ எழுதவைப்பதை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. மறுநாள் முதல் தனியாக எழுத ட-வைக் கொடுங்கள் என்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1990-களில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கப் புறப்பட்டபோது, பாடத்தை அகரத்தில் தொடங்காமல் பட்டா, படி என்ற சொற்களில் தொடங்கியது. வாழ்க்கைக்கு வேண்டிய சொல் முதலில், அதிலிருந்து எழுத்து. குழந்தைக்குப் பட்டாவுக்குப் பதில் பட்டம்.

இந்த வழியில் பெற்றோர் கவனிக்க வேண்டியது சொல் தேர்வு. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் ஒன்றல்ல. 'இலை' என்று எழுதியிருப்பதைக் குழந்தை வீட்டில் 'எலை' என்று கேட்டிருக்கிறது. 'ஐந்து' அதற்கு 'அஞ்சு', 'உடம்பு' அதற்கு 'ஒடம்பு'. கூட்டி வாசித்தபின் வரும் ஒலி தெரிந்த சொல்லாக இல்லாவிட்டால், சரியாக வாசித்தும் தவறிவிட்டதாகவே குழந்தை நினைக்கும். ஆகவே தொடக்கத்தில் பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் சொற்களே வேண்டும்: படம், பட்டம், கல், பல், பால், வால். இலையும் ஐந்தும் சில மாதம் பொறுக்கட்டும்.

உயிர்மெய்க் குறிகளுக்கும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். துணைக்கால் முதலில். 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா ஆகியவையும் துணைக்காலுக்குள் வந்துவிட்டன. ஒருமுறை கற்றால் எல்லா மெய்க்கும் பொருந்தும். பிறகு இகரமும் ஈகாரமும். எ, ஏ, ஐ குறிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்: 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. உகர, ஊகார வரிசைதான் மிகக் கடினம். கு, டு, து, பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். இவற்றை அட்டவணையாகத் தராமல் பூ, மூக்கு, கூடு, தூண் என்று சொல்லோடு தருவதே நல்லது.

முழுச் சொல் அட்டை

கதவில் 'கதவு', ஜன்னலில் 'ஜன்னல்' என்று ஒட்டிவைப்பது அழகாக இருக்கும். ஒரு வாரத்தில் குழந்தை எல்லாவற்றையும் 'வாசிக்கும்'. அட்டைகளை இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். அப்போதும் கதவைப் பார்த்துக் கதவு என்றுதான் சொல்லும். படத்தோடு வரும் அட்டைகளுக்கும் இதே கதிதான். புதிய சொல்லைக் கூட்டி வாசிக்கும் திறனை இது தருவதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு நெருக்கமான உறவுள்ள தமிழில் சொல்லைப் படமாக நினைவில் வைக்கச் சொல்வது வீண் வேலை.

கதை வாசித்துக் காட்டுவது

இதை மற்ற மூன்றோடு போட்டியில் நிறுத்துவது தவறு. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது வேண்டும். தமிழ்ச் சொற்கள் காதில் விழாத குழந்தைக்கு எழுத்து எவ்வளவு தெரிந்தும் பயனில்லை. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கிறது. சொல்லை முன்பே கேட்டிருக்கும் குழந்தை தானே சரிசெய்துகொள்ளும். லண்டனிலோ டொராண்டோவிலோ ஆங்கிலமே அதிகம் கேட்டு வளரும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. அத்தகைய வீடுகளில் எழுத்தைச் சில மாதம் தள்ளிவைத்துக் கதையைக் கூட்டுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றன.

ஆங்கிலத்துக்கு?

'சி ஏ டி கேட்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டும் பழைய முறையை நம் வீடுகள் இன்னும் விடவில்லை. சி, ஏ, டி என்பவை எழுத்துகளின் பெயர்கள். அவற்றை எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் கேட் வராது. ஒலிவழி முறையான ஃபோனிக்ஸ் எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்குகிறது. பரவலாகப் பயன்படும் ஜாலி ஃபோனிக்ஸ் என்ற பாடத்திட்டம் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகளில் தொடங்குவதற்கும், நாம் ப, ட, ம-வில் தொடங்குவதற்கும் காரணம் ஒன்றே: பின், டின், டிப் என்று உடனே சொல் கட்டலாம். இங்கிலாந்தில் 2006-இல் வெளிவந்த ரோஸ் அறிக்கை இம்முறையைப் பரிந்துரைத்தது. 2012 முதல் அங்கே முதல் வகுப்பு முடிவில் இதற்கென்றே ஒரு சோதனை நடக்கிறது. தி (the), வாஸ் (was), செட் (said) போன்ற ஒலிக்கு அடங்காத சில சொற்களை மட்டும் பார்வையில் பழக்கினால் போதும்.

இதில் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வசதி உண்டு. ஃபோனிக்ஸ் கற்பிப்பவர்கள் எங்கும் போராடுவது, 'ப' என்று உயிரோடு சேர்க்காமல் 'ப்' என்று மட்டும் சொல்லவைக்கத்தான். புள்ளி வைத்த எழுத்து தெரிந்த குழந்தைக்கு அதை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். தமிழ் வாசிப்பு கொஞ்சம் ஓடத் தொடங்கியபின் ஆங்கிலத்தைத் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நாளுக்குக் கால் மணி நேரம் போதும். குழந்தை சலிப்பதற்குள் நிறுத்திவிடுங்கள். உயிர்மெய்க் குறிகள் எல்லாம் பழகியபின் அட்டவணையைச் சுவரில் மாட்டலாம். அப்போது தனக்குத் தெரிந்த எழுத்துகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று குழந்தையே தேடும். ர ற, ல ள ழ, ந ன ண வேறுபாடுகளை வாசிப்பு சரளமான பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை 'பளம்' என்று எழுதினால் திருத்தலாம், திட்டக் கூடாது. காதில் கேட்டதைத்தான் அது எழுதியிருக்கிறது.