புழுக்கத்துக்கு எது சரி: ஃபேனா, ஏர் கூலரா, ஏசியா?

கடலோர நகரத்தில் ஆளை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கம்தான். வெப்பமானி 34 டிகிரி காட்டும்போதே சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. அது காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் எந்தக் கருவியை வாங்கினாலும், அது வியர்வையைக் காயவைக்குமா என்று முதலில் பாருங்கள்.

தண்ணீரை ஆவியாக்கிக் காற்றில் ஈரத்தைக் கூட்டும் ஏர் கூலர் இங்கேயே தோற்றுவிடுகிறது. பல ஊர்க்காரர்கள் வந்து சேரும் நகரத்தில், வறண்ட உள்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பழக்கத்தில் கூலரைத்தான் தேடுவார்கள். அங்கே அது அருமையான பொருள். 40 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்றால், தண்ணீர் ஆவியாவதை வைத்தே காற்றைச் சுமார் 23 டிகிரி வரை இறக்கலாம். 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 29 டிகிரியிலேயே நின்றுவிடும். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. கதவைச் சாத்தினால் இன்னும் மோசம்: தலையணை பிசுபிசுக்கும், சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்கும். ஏசியைவிட விலையும் மின்செலவும் குறைவுதான். ஆனாலும் கடலோரத்துக்கு வேண்டாம்.

ஃபேன் அறையைக் குளிர்விக்காது. உடம்பை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். ஆனால் புழுக்கத்தில் பெரும்பாலும் தேவைப்படுவது அதுவே. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போல இருந்தாலே போதும். சன்னலைத் திறந்துவைத்து, கடற்காற்று வந்தால் அதையும் சேர்த்து அனுபவிக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வயதாக ஆக வியர்வை சுரப்பது குறையும். வியர்க்காத உடம்புக்கு ஃபேன் பெரிதாக உதவாது. நமக்குப் போதும் என்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கும் போதும் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

ஏசி பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-ல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி அச்சானதுதான் அங்கே தலைவலி. இன்றும் ஏசிக் குழாயில் சொட்டும் தண்ணீர், அறைக்காற்றில் இருந்த ஈரம்தான்.

இங்கே பலரும் சறுக்குவது டன் கணக்கில், அதாவது ஏசியின் குளிர்விக்கும் திறனில். சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்கி, குளிரிலும் கசகசக்கும். அறைக்கு அளவான, கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசியை 26 அல்லது 27-ல் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுவதுதான் என் தேர்வு. மழைக்காலத்தில், ஈரத்தை எடுப்பதற்கென்றே ஏசியில் உள்ள ட்ரை மோட் நல்லது. உப்புக்காற்று வெளி யூனிட்டை அரிக்கும் என்பதால், வாங்கும்போதே அதன் காயிலுக்கு (உள்ளே இருக்கும் உலோகக் குழாய்ச் சுருளுக்கு) துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

டிஹ்யூமிடிஃபையர் என்று தனிக் கருவி ஒன்றும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், ஆனால் அறையைக் கொஞ்சம் சூடாக்கும். துணி அலமாரி உள்ள அறைக்குச் சரி, தூங்க உதவாது.

கையில் பணம் குறைவென்றால் எல்லா அறைக்கும் நல்ல ஃபேன் போட்டுவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு ஏசி வாங்க முடிந்தால், வீட்டிலேயே மிக வயதானவர் படுக்கும் அறையில் மாட்டுங்கள்.