நிலாவெளிக் கல்லுப்பு: கருவாட்டுக்கு முதல்தரம், கறிக்கு வேண்டாம்

திருகோணமலையில் உரப்பையிலிருந்து நிறுத்து விற்கும் நிலாவெளிக் கல்லுப்பைக் கருவாடு போடுபவர்கள் நம்பி வாங்கலாம். மணி பெரிதென்பதால் மெல்லக் கரைந்து சதைக்குள் இறங்கும். பக்கற் தூள் உப்போ மேற்பரப்பை உடனே விறைக்கச் செய்துவிடும். உள் ஈரம் வெளியேற வழியின்றி முள்ளோரம் நாறத் தொடங்கும். பாரை போன்ற தடித்த மீனென்றால் குடலும் செவுளும் நீக்கி, இரத்தம் போகக் கழுவி, சதையைக் கீறி, மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு போடுங்கள்.

வாங்குமுன் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மக்னீசியம் அதிகம். உப்பளப் பாத்தியில் முதலில் படிவது கறியுப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு. கசப்பெல்லாம் மிஞ்சிய நீரில் நிற்கும். அந்த நீரை வடித்துவிட்டு, வாரிய உப்பைக் குவித்து ஒழுகவிட வேண்டும். மாரிக்குப் பயந்து அவசரமாக வாரினால் கசப்பும் கூடவே வந்துவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், காய்ந்த கருவாடும் மறுபடி கசியும். ஆகவே புதிதாக வாரியதைவிட, நாட்பட்ட குவியல் உப்பையே கேட்டு வாங்குங்கள்.

1930 ஏப்ரலில் பாக்கு நீரிணைக்கு அக்கரையில், வேதாரணியத்தில், பிரிட்டிஷ் உப்புச் சட்டத்தை மீறவென்று நடந்து வந்த ராஜாஜியின் தொண்டர்கள் அள்ளிய உப்பு இந்தத் தரத்துக்கு வந்திருக்காது. கடல்நீரைச் சட்டியில் வற்றக் காய்ச்சினால் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் தேறும். அதில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கறியுப்பல்லாத பிற உப்புகள். ஆனாலும் அதைச் செய்ததே குற்றம். உப்பு வரி மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒரு ரூபாய் நாலணா. 1923இல் சட்டசபை மறுத்தும், லண்டன் அனுப்பிய வைஸ்ராய் ரீடிங் தன் தனியதிகாரத்தால் அதை இரட்டிப்பாக்கினார். மறு ஆண்டே குறைக்க வேண்டியதாயிற்று. கேட்பாரில்லாமல் விதித்த வரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நடந்து வந்தவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் அறிவித்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிரிட்டிஷ் இலங்கையிலும் உப்பு அரசின் ஏகபோகமே. இன்று கடைத்தெருவில் கல்லுப்பு மலிவாகக் கிடைப்பதைச் சாதாரணமாக எண்ண எங்களால் முடியவில்லை.

மண் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்து அரை மணிநேரம் விடுங்கள். அடியில் கறுப்பாகப் படிந்தால் சேறு. அதைத் தேசிக்காய் ஊறுகாய்க்குப் போடாதீர்கள். கருவாட்டுக்கும் கழுவி உலர்த்தியே போட வேண்டும்.

அன்றாடக் கறிக்கு அயடீன் சேர்த்த உப்புத்தான். அயடீன் சேர்க்காத கல்லுப்பை மட்டும் நம்பும் வீட்டில் கழுத்தில் கழலை வரக்கூடும், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் கவனம். அயடீன் உப்பையும் கறியை இறக்கும் நேரத்தில் போடுங்கள், கொதியில் அயடீன் குறையும். கல்லுப்பைத் தகரப் பேணியில் வைத்தால் துருவேறும். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியோ சாடியோ போதும்.