பின்னச்சு ஆயில்: 90 ஊற்றுவதா, 140 ஊற்றுவதா?

எங்கள் வீட்டு அம்பாசடர் 1984 மாடல், மார்க் 4. அப்பாரு தேங்காய் விற்ற காசில் வாங்கியது. இப்போது கட்டுத்தறிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. கல்யாணம், காதுகுத்து என்றால் வெளியே வரும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும். போன தைக்குக் கொஞ்சம் முன்னால் பின்னச்சில், அதாவது பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் அச்சில், ஒரு ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. அறுபதில் போகும்போது கேட்கும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். சரி, அந்த அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரக் கூட்டின் ஆயிலை, அதாவது டிஃபரன்ஷியல் ஆயிலை, மாற்றிப் பார்ப்போம் என்று கிளம்பினால், ஆளுக்கொரு ஆயில் சொன்னார்கள். (90, 140 என்பவை கியர் ஆயிலின் தடிமன் எண்கள்; ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை அதன் தரப் பெயர்கள்.)

எங்கள் ஊர் லாரி மெக்கானிக் அண்ணன், "140 ஊத்தீருங்க தம்பி, கம்முனு ஓடும்" என்றார். உக்கடத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்காமலே 80டபிள்யூ-90, ஜிஎல்-5 டப்பாவை எடுத்து வைத்தார்கள். பத்மினி கார் வைத்திருக்கும் மச்சானோ, "பழைய வண்டிக்கு ஜிஎல்-5 விஷம், ஜிஎல்-4 தவிர வேறு எதையும் தொடாதே" என்று போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டான். மூன்று பேரும் சும்மா சொல்லவில்லை, மூன்றிலும் விஷயம் இருக்கிறது.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். எஞ்சின் பக்கமிருந்து வரும் சிறு பல்சக்கரம் பினியன், அது சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன். இந்தக் கார்களில் இரண்டும் ஹைப்பாய்டு வகை. பினியன், கிரவுனின் நடு மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டுத் தேய்கின்றன. அம்மியில் குழவி உருண்டுகொண்டே இழுபடுமே, அதே சங்கதி. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்த்த இபி (கடும் அழுத்தம் தாங்கும்) மருந்தைக் கலக்கிறார்கள். சூடும் அழுத்தமும் ஏறும் இடத்தில் அது எஃகோடு சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேயும். இபி இல்லாத ஆயிலை ஹைப்பாய்டு அச்சில் ஊற்றவே கூடாது. இதில் மட்டும் மூன்று கட்சிக்கும் சண்டை இல்லை.

140 கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேய்ந்த பல்லுக்கிடையே உள்ள இடைவெளியில் தடிமனான ஆயில் மெத்தை போல நிற்பதால் சத்தம் அடங்கும் என்பது உண்மைதான். லாரிக்காரர்கள் பாரத்தோடு நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள், அவர்கள் பழக்கம் அது. ஆனால் 100 டிகிரியில் 90 ஆயிலின் தடிமன் 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக்குக்குள் (தடிமனை அளக்கும் அலகு) இருந்தால் 140-க்கு அது 24-க்கு மேல். இந்தக் கூழைக் கிளறிக்கொண்டே கிரவுன் சுற்ற வேண்டும். அந்த உழைப்பெல்லாம் சூடாக மாறும். பினியனின் முன் பேரிங்குக்கு ஆயில் போவதும் கிரவுன் வாரி அடிப்பதில்தான். காலையில் வண்டியை எடுத்ததும் 140 அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். என் கணக்கில் 140 என்பது காதுக்குப் போடும் பஞ்சு. சத்தம் கேட்காது, தேய்மானம் நிற்காது. அம்பாசடரின் மூல வண்டியைச் செய்த பிரிட்டிஷ் கம்பெனியான பிஎம்சியின் பழைய கையேடுகளும் சாதாரணத் தட்பவெப்பத்துக்கு ஹைப்பாய்டு 90 என்றுதான் சொல்லின. (90 என்ற எண்ணைப் பார்த்து எஞ்சின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல்; கியர் ஆயில் 90, தடிமனில் எஞ்சின் ஆயில் 40, 50-க்குப் பக்கத்தில்தான் வரும்.) வெறும் 90-ஆ, 80டபிள்யூ-90-ஆ என்ற கேள்விக்கு நம் பக்கம் அவ்வளவாக வேலை இல்லை. டபிள்யூ எண் கடுங்குளிரைப் பற்றியது. பொள்ளாச்சி வெயிலுக்கு இரண்டும் ஒன்றே.

ஜிஎல்-4, ஜிஎல்-5 வழக்குத்தான் பெரிய வழக்கு. மச்சான் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது. அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வந்தது 1950-களில். அன்றைக்கு இருந்த ஹைப்பாய்டு ஆயிலின் தரம் இன்றைய ஜிஎல்-4-க்குச் சமம். அதைவிட இபி மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு உள்ள ஜிஎல்-5 தரம் 1960-களில்தான் வந்தது. அச்சு பிறந்த காலத்தில் இல்லாத ஆயில் அது. கூடவே, கந்தகம் அதிகமானால் செம்பு, பித்தளை, வெண்கலத்தை அரிக்கும் என்ற பயமும் இருக்கிறது. கியர்பாக்ஸில், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை என்பதால் அங்கே ஜிஎல்-5 வேண்டாம் என்பது சரியான பேச்சு. அதையே அப்படியே பின்னச்சுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பின்னச்சில் கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் எஃகு. மஞ்சள் உலோகம் என்று இருப்பது, டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரமான பிளானட் பல்லுக்குப் பின்னால் உள்ள சிறு வாஷர்கள். அவினாசி ரோட்டில் நேராகப் போகும்வரை பிளானட் பல் தன் ஊசியில் சுற்றாது, மொத்தக் கூட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். வளைவில் வெளிச் சக்கரம் அதிகமும் உள்சக்கரம் குறைவாகவும் ஓடும்போதுதான் அது தனியாகச் சுழலும், வாஷருக்கும் வேலை வரும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. அங்கேதான் அந்த வாஷர் பாடுபடும். அதே ஏற்றத்தில்தான் கிரவுன் பல்லின் மேலும் முழுப் பாரம் உட்காரும். வாஷருக்காகப் பயந்து மருந்து குறைந்த ஆயிலை ஊற்றுவதா, பல்லைப் பார்ப்பதா? நான் பல்லைத்தான் பார்ப்பேன். கழற்றி மாற்ற முடிந்தது வாஷர். கிரவுன் பினியனை ஜோடியாகத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

வாஷரைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது. ஆயிலின் தரவுத்தாளில் செம்புத் தகடு சோதனை என்று ஒரு வரி இருக்கும். சூடான ஆயிலில் செம்புத் தகட்டை முக்கி வைத்து, எவ்வளவு கருக்கிறது என்று 1-லிருந்து 4 வரை மதிப்புப் போடுவார்கள். 1 என்றால் லேசாக நிறம் மாறியது, 4 என்றால் அரித்துவிட்டது. ஜிஎல்-5-இலேயே 1 வாங்கியதைத் தேர்ந்தெடுத்தால் மச்சானின் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். மலை ஏறாமல் கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற வண்டிக்கு ஜிஎல்-4 90 போதும், தாராளமாக ஊற்றலாம். சிந்தெடிக் வேண்டுமா என்றால், இவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்கு வேண்டாம். பழைய சீல் வழியாகக் கசிந்து தரையில் சொட்டப் போகும் ஆயிலுக்கு எதற்கு அந்த விலை?

ஆயிலை இறக்கும் வழியிலும் இரண்டு உண்டு. அம்பாசடரில் அடியில் வடிகால் பிளக் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் திறந்தால், அடியில் தங்கிய கசடோடு சேர்ந்து இறங்கும். ஹெரால்டு கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை பெரும்பாலும் இல்லை. பல வண்டிகளில் நிரப்பும் பிளக் மட்டும்தான். மேலேயிருந்து ட்யூப் விட்டு சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும், அப்படி உறிஞ்சினாலும் கசடு அடியிலேயே தங்கும். பிளக் இருக்கிற வண்டிக்கு உறிஞ்சுவது சோம்பேறித்தனம்.

ஆனால் வடிகாலைத் தொடுவதற்கு முன்னால் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. கீழே திறந்து எல்லாம் வடிந்த பிறகு மேல் பிளக்கில் ஸ்பேனரை மாட்டினேன், அசையவே இல்லை. ஆயிலில்லாத அச்சோடு வண்டி இரண்டு நாள் கொட்டகையில் கிடந்தது. டீசல் ஊற்றி ஊற வைத்து, சுத்தியலால் சுற்றிலும் தட்டி, ஸ்பேனரில் போர் பைப்புத் துண்டு ஒன்றைச் சொருகித் தொங்கின பிறகுதான் 'டக்' என்று விட்டது.

வடிந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு, கந்தக வாடை, மேலே வெள்ளிப் பொடி தூவியது போல ஒரு மினுக்கம். காந்தத்தை விட்டு எடுத்ததில் சாம்பல் நிறப் பசை ஒட்டி வந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் திருநீறு மாதிரி வழுவழுப்பு. அது வயதின் தேய்மானம், பயமில்லை. நறநறவென்று இருந்தாலோ சில்லு வந்தாலோதான் அச்சைக் கழற்ற வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்கு நிரம்பிய தரைப்பாலத்தில் சூடான அச்சோடு இறங்கினால் அச்சின் மூச்சுத்துளையான பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு லிட்டர் டப்பா ஒன்று போதாது, இரண்டு வாங்கினால் மிஞ்சும். சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் அளவு. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுக்கொண்டு ஊற்றினால் கணக்குத் தப்பும். மிஞ்சியது சீல் தாண்டி பிரேக் ஷூவில் போய் உட்காரும். பிரீதர் அடைத்திருந்தாலும் அதே கதிதான், கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிடலாம்.

கடைசியில் ஜிஎல்-5, 80டபிள்யூ-90 ஊற்றினேன். வால்பாறைக்குப் போனபோது ஒன்பதாவது கொண்டை ஊசியில் லோம்ஸ் வியூ காட்சிமுனையில் நிறுத்தி அச்சுக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கை வைத்துப் பொறுக்கிற சூடுதான். ஊளை முழுசாகப் போகவில்லை, அறுபதில் கேட்டது அறுபத்தைந்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மெக்கானிக் அண்ணன் வழியில் பார்த்தால் இன்னும் கேட்கிறார், "140 ஊத்தீரலாமுங்களா?"