சைக்கிள் பிரேக்கில் பைக் ஆயில்: வேலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் சைக்கிளில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக். பின் பிரேக் லீவரை அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. கோளாறு அவ்வளவுதான். உள்ளே காற்று புகுந்திருக்கும், ப்ளீடிங் செய்தால், அதாவது ஆயில் விட்டுக் காற்றை வெளியேற்றினால், சரியாகிவிடும் என்று வேலூரில் ஒரு கடையில் சைக்கிளை விட்டேன். ஷிமானோ பிரேக், மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லித்தான் விட்டேன். "தெரியும் சார், நாங்க பார்க்காத பிரேக்கா" என்றார். ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். பில் கேட்டேன், மெஷின் ரிப்பேர் என்றார். சரி போகட்டும் என்று வந்துவிட்டேன். அந்த 'போகட்டும்'தான் பின்னால் செலவு வைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஏலகிரி. நாங்கள் நான்கு பேர். டாட்டா ஏஸில் சைக்கிள்களை ஏற்றி விடியுமுன் பொன்னேரி அடிவாரத்தில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தோம். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். வழக்கமாக நடுவில் போகிறவன் நான். அன்று நாலாவது வளைவிலேயே கடைசி. "ராத்திரி ஆம்பூர் பிரியாணி ரெண்டு பிளேட் கட்டினது யாரு மச்சான்?" என்று ஓட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பின் சக்கரம் உரசிக்கொண்டே வந்தது உறைக்கவில்லை.

மேலே அத்தனாவூர் தாண்டி நிலாவூர்ப் பக்கம் மண்பாதைகள். பலா மரங்களுக்கு நடுவே செம்மண்ணில் மதியம் வரை சுற்றினோம். ஒரு பஞ்சர், ஒரு சின்ன விழுதல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் கல் நிறைந்த ஓர் இறக்கத்தில் லீவரை அழுத்தினேன். உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அடுத்த முறை ஹேண்டில்பாரைத் தொட்டது, பிரேக் பிடிக்கவில்லை. முன் பிரேக் இருந்ததால் ஒரு வேலியோரம் நின்றேன். டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தால் 'சுர்ர்' என்றது.

எங்களில் ஒருவன் குடியாத்தத்தில் டூவீலர் மெக்கானிக். மோந்து பார்த்ததுமே "இது நம்ம பைக்குக்கு ஊத்துற ஆயில்டா" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, லீவர் திருகைக் கழற்றி நாலு சொட்டு விட்டான். மினரல் ஆயில் என்றால் நல்லெண்ணெய் மாதிரி மிதக்க வேண்டும். இது கரைந்தே போனது. ஷிமானோ ஆயில் சிவப்பாக இருக்கும், இது வெளிர் மஞ்சள். பைக் பிரேக்குக்கு ஊற்றும் டாட் (DOT) வகை ஆயிலேதான். மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல் அதில் ஊறினால் உப்பிவிடும். பிரேக் கட்டையை (பேட்) தள்ளும் பிஸ்டன் பின்வாங்காது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மலையேறும்போது என்னைப் பிடித்து இழுத்தது பிரியாணி அல்ல.

இறங்கும் சுகத்துக்காகத்தானே காலையில் அவ்வளவு மிதித்தோம்? மற்ற மூவரும் சைக்கிளில் பறந்தார்கள். நான் டாட்டா ஏஸை மேலே வரவழைத்து, கூடுதலாக 500 கொடுத்து, தார்ப்பாய் மேல் உட்கார்ந்து வந்தேன்.

சீல் மட்டும் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. லீவர், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர், ஆயில் போகும் ஹோஸ் என்று மொத்த செட்டையும் மாற்ற 3,600 ஆனது.

உங்கள் லீவர் மூடியைப் பாருங்கள், என்ன ஆயில் என்று பெரும்பாலும் அதிலேயே அச்சடித்திருக்கும். சில கம்பெனிகளுக்கு டாட் ஆயில்தான் சரி, அதில் மினரல் ஊற்றினாலும் இதே கதிதான். பாட்டிலைக் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை. பில்லில் ஆயிலின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். "எண்ணெய்க்கு எண்ணெய்தானே சார்" என்றார் முதலில். அப்புறம், மலையில் ஓட்டினால் எந்த பிரேக்கும் அப்படித்தான் என்றார். பில் இல்லாமல் எதைக் காட்டிப் பேசுவது? கிளம்பும்போது கூப்பிட்டார். "வந்ததே வந்தீங்க, முன் பிரேக்கையும் ப்ளீடிங் பண்ணிடலாமா சார்?"