ஆசாரிபள்ளமா, திருவனந்தபுரமா?
2 வயது தாண்டியும் பிள்ளை இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிற பாட்டியின் ஆறுதலைக் கேட்டுக்கொண்டு இருக்காமல் கிளம்பிவிடுங்கள். எங்கே, நாகர்கோவில் பக்கத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கா, திருவனந்தபுரத்துக்கா என்பதுதான் கேள்வி.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் இதற்கென்றே இருக்கும் இடம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். என் அக்கா மகன் களியக்காவிளை நெரிசலில் அழுது, வாந்தியெடுத்து, போய்ச் சேர்ந்த நேரம் தோளில் தூங்கிவிட்டான். டாக்டர் எதைத்தான் பார்ப்பார்? நல்லவேளை, வீட்டில் அவன் மூடியைச் சுழற்றிச் சுழற்றி விளையாடுவதை அக்கா போனில் எடுத்து வைத்திருந்தாள், அது உதவியது (நீங்களும் எடுத்துக்கொண்டு போங்கள்). அப்புறம் மொழி. பேச்சுப் பயிற்சி வீட்டு மொழியில் நடந்தால்தான் பிள்ளைக்கு ஒட்டும். கேரள எல்லையோரம் விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைக்கு மலையாளம் பழகிய காது, தமிழே கேட்டு வளரும் தோவாளைப் பிள்ளைக்கு அது கஷ்டம்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே ஓ.பி. சீட்டுக்கு நிற்க வேண்டும், சரி. ஆனால் முதலில் பார்க்க வேண்டிய காதுப் பரிசோதனையை அங்கேயே முடித்துவிடலாம், பஸ் ஏறினால் வீடு. பயிற்சி மாதக்கணக்கில் நீளும் சமாச்சாரம், அதற்குப் பக்கத்து இடம்தான் தாங்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒருமுறை திருவனந்தபுரம் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.