ஆளாளுக்கு திருத்துற மேப்பு, ஆளாளுக்கு எழுதுற விக்கி: கோத்தகிரியிலேர்ந்து ஒரு பழைய யூசரோட ரிவ்யூ

கோயம்புத்தூர்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் லீவுக்கு குடும்பத்தோட இங்க வர்றானாம். "மாப்ள, மேப்புல யாரோ ஒரு குறுக்கு வழி போட்டிருக்காங்க, கீழ கமெண்ட்ல ஒருத்தன் சூப்பர்ங்கறான் ஒருத்தன் போகாதீங்கறான், இதெல்லாம் நம்பி வண்டிய எடுக்கலாமா"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டான். வாய்ஸ் நோட்டுல சொல்லி முடியற விஷயம் இல்ல, அதான் இங்க எழுதறேன். விக்கிபீடியான்னா என்ன, யார் வேணா எடிட் பண்ற மேப்புன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த கதைக்குள்ள போகல.

நேரா கடுப்புக்கே வந்துடறேன். எங்க ஹட்டிக்கு, அதாவது எங்க படுகர் ஊருக்கு, கீழ தேயிலத் தோட்டம், அதுக்குள்ள பச்சை இலை மூட்டை ஏத்த பிக்கப் வர்ற மண் பாதை ஒண்ணு இருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் அங்க நின்னு, பனி விலகுன நேரமா பார்த்து ஒரு போட்டோ எடுத்து, போன்லயே கூட வர்ற மேப்புல அத வியூ பாயின்ட்னு போட்டுட்டான். அவ்ளோதான். அடுத்தவன் வந்து அஞ்சு ஸ்டார், அதுக்கடுத்தவன் வந்து "ஹிடன் ஸ்பாட், மிஸ் பண்ணாதீங்க". அது ஒருத்தரோட பட்டா நிலம்ங்க. கவாத்து வெட்டுன வருஷம்னா ரெண்டு பக்கமும் செடி முட்டி உயரத்துல குச்சி குச்சியா, வெட்டுன முனை ஈட்டி மாதிரி நீட்டிட்டு நிக்கும், கார் உள்ள வந்தா ரெண்டு கதவுலயும் முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் கோடு விழும், திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸ்லதான் மேல ஏறணும், மழை பெஞ்சிருந்தா அதுவும் முடியாது. அப்புறம் ஹட்டி பசங்க நாலு பேரு போய் தள்ளணும். சாயங்காலம் ஆனா காட்டுமாடு இறங்கும், கரடி நடமாட்டமும் உண்டு, உள்ள இருக்கறவங்களுக்கு அதெல்லாம் தெரியாது, கண்ணாடிய இறக்கிட்டு செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க.

"அப்படி ஒரு இடமே இல்ல"ன்னு ரிப்போர்ட் அடிச்சா ஒரு மெயில் வரும், பரிசீலிக்கிறோம்னு. சில சமயம் எடுத்துடுவாங்க. கொஞ்ச நாள்ல வேற பேர்ல, பத்தடி தள்ளி, மறுபடி முளைச்சிருக்கும். யார் போட்டது, யார் ஓகே பண்ணுனது, என் ரிப்போர்ட்ட யார் தள்ளுனதுன்னு ஒரு மண்ணும் தெரியாது. போய் சண்டை போடக்கூட ஆள் இல்ல, அதுதான் எரிச்சலே. இது எங்க ஊர் கதை மட்டும் இல்ல. 2024 ஜனவரில கூடலூர்ல ஒரு எஸ்யூவி மேப்பு காட்டுன வழிய நம்பிப் போய் படிக்கட்டுல மாட்டி நின்னுச்சே, நியூஸ்ல எல்லாம் வந்துதே, அதே ரகம்தான்.

இப்ப இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா நியாயம் இல்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்னு யார் வேணா திருத்தற மேப்பு ஒண்ணு இருக்கு, 2004லேர்ந்து ஓடுது, ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப்புக்கெல்லாம் டேட்டா அங்கேர்ந்துதான். அதுலயும் இதே மண் பாதைய ஒருத்தர் நல்ல ரோடுன்னு போட்டிருந்தார். ஆனா அந்த கோட்ட கிளிக் பண்ணுனா போட்டவர் அக்கவுண்ட், தேதி, எத வெச்சு போட்டார்னு ஒரு வரி குறிப்பு, எல்லாம் வந்துது. சாட்டிலைட் படத்த பார்த்து வரைஞ்சதுன்னு அவரே எழுதியிருந்தார். மேலேர்ந்து பார்த்தா தோட்டத்து பாதையும் ரோடும் ஒண்ணு போலத்தான் தெரியும், அவர குத்தம் சொல்ல முடியாது. அங்கயே கீழ எழுதுனேன், இது இலை வண்டி போற தடம், தனியார் இடம்னு. எங்கயோ வெளிநாட்டுல இருக்கற மனுஷன், பதில் போட்டு, நன்றி சொல்லி, ட்ராக்குன்னு மாத்தி, தனியார் வழின்னும் சேர்த்துட்டார். இத நான் எதிர்பார்க்கவே இல்ல. முகம் தெரியாத ஆளு வந்து எங்க ஊர் சந்த திருத்திட்டு போறான், பக்கத்து டவுன்லேர்ந்து வர்றவன் அத கெடுத்துட்டு போறான்!

விக்கிபீடியாவுலயும் எனக்கு புடிச்சது கட்டுரை இல்ல, மேல இருக்கற வரலாறுங்கற டேப்தான். தொட்டபெட்டா உயரம் ஒரு இடத்துல 2637 மீட்டர்னு இருக்கும், இன்னொரு இடத்துல 2623னு இருக்கும். இதுல எதுன்னு கேட்டா, விக்கில அந்த நம்பருக்கு பக்கத்துல சான்று இருக்கா பாரு, இல்லன்னா வரலாறுல போய் யார் எப்ப மாத்துனாங்கன்னு பாரு. வேற எங்கயாவது இப்படி பார்க்க முடியுமா, சொல்லுங்க. அச்சுல வந்த டூரிஸ்ட் கைடுல தப்பு இருந்தா அடுத்த பதிப்பு வரைக்கும் அது தப்பாவேதான் இருக்கும்.

ஆனா எல்லா பக்கமும் ஒரே தரம்னு நெனச்சுடாதீங்க. ஊட்டி ரயில் பக்கம்னா ஆயிரம் கண்ணு பார்க்குது. மேட்டுப்பாளையம் குன்னூர் 1899, ஊட்டி வரைக்கும் 1908, யுனெஸ்கோ 2005, இதுல ஒருத்தன் விளையாடுனா இன்னொருத்தன் உடனே புடிச்சுடுவான். ஒரு சின்ன ஹட்டிய பத்தி நாலு வரி இருந்தா அத யார் பார்க்கறா? எழுதுனவன் ஒருத்தன், படிச்சவன் நாலு பேரு. பெரிய ஆள் பக்கத்துலயே நடந்திருக்கு. 2005ல அமெரிக்க பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பக்கத்துல, கென்னடி கொலையில அவருக்கு சம்பந்தம்னு சந்தேகப்பட்டாங்கன்னு ஒருத்தன் விளையாட்டா எழுதி வெச்சது நாலு மாசம் அப்படியே கெடந்துச்சு. அதே 2005 கடைசில நேச்சர் பத்திரிகை 42 அறிவியல் கட்டுரைய எடுத்து அந்தந்த துறை ஆளுங்கள வெச்சு சரிபார்த்தா, சராசரியா விக்கில நாலு தப்பு, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துல மூணு. பிரிட்டானிக்கா அத ஒத்துக்கல, அது தனி சண்டை.

குறிஞ்சி விஷயத்துல விக்கிய பாராட்டியே ஆகணும். வருஷா வருஷம் ஏதோ ஒரு ஊதாப்பூ போட்டோவ போட்டு "12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் அதிசயம்"னு ஃபார்வேர்டு வருதுல்ல, குறிஞ்சி இனத்துல ஏகப்பட்ட வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பூக்கற கணக்கு வேறன்னு பொறுமையா சொல்றது அங்கதான். நம்ம நீலக்குறிஞ்சி 2006, அப்புறம் 2018, அடுத்தது 2030.

எத நம்பவே கூடாதுன்னா, மாறிட்டே இருக்கற சட்டதிட்டம். 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், 2025 ஏப்ரல்ல நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000னு உச்சவரம்பு வெச்சாங்க. இன்னமும் யாரோ பழைய ரிவ்யூல "பாஸெல்லாம் ஒண்ணும் வேணாம் ப்ரோ"ன்னு போட்டது மேல நிக்குது. ஊட்டிலேர்ந்து கல்லட்டி மலைப்பாதை வழியா மசினகுடிக்கு வெளியூர் வண்டிய இறங்க விடமாட்டாங்க, கர்நாடகா பக்கம் பந்திப்பூர் காட்டு ரோட்ட ராத்திரி 9லேர்ந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க. இதையெல்லாம் கவர்ன்மென்ட் சைட்டுல பாரு, இல்ல எனக்கு போன் போடு.

ஸ்டார் எவ்ளோன்னா, இவ்ளோ நேரம் புகழ்ந்ததுக்கு நாலு குடுக்கணும். ஆனா இத டைப் பண்ணிட்டு இருக்கும்போதே கீழ ஹாரன் சத்தம், எட்டிப் பார்த்தா வெள்ளை கார் ஒண்ணு செடிக்கு நடுவுல, பின்னாடி கண்ணாடி முழுக்க சேறு. ரெண்டு ஸ்டார். அதுவும் அந்த வரலாறு டேப்புக்காக. மாப்ள, நீ மேட்டுப்பாளையத்துலயே ஆஃப்லைன் மேப்ப இறக்கிக்கோ, குஞ்சப்பனை தாண்டுனா சிக்னல் வரும் போகும்.