பன்னிரண்டரைக்குப் பிறகுதான் கட்டில்: வெள்ளவத்தை போர்டிங்கில் ஒன்றரை வருட நித்திரைப் பயிற்சி

சிபிடி-ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நித்திரைப் பயிற்சியை, அதாவது பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றி நித்திரையின்மையைத் தீர்க்கும் உளவியல் சிகிச்சையை, ஒன்றரை வருடமாகக் கைக்கொண்டு வருகிறேன். மருந்து இல்லை. ஒரு கொப்பி, ஒரு அலாரம், நிறையப் பொறுமை, அவ்வளவுதான் மூலதனம். நித்திரையும் இல்லாமல் மனமும் சோர்ந்து கொழும்பில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்டால், நித்திரையில் தொடங்குங்கள் என்பேன். மனம் தெளிந்தால் நித்திரை தானாக வரும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். எனக்கு அது மறுவளமாக நடந்தது.

நான் சாவகச்சேரிப் பக்கம். கம்பசுக்காக வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒரு ஒழுங்கையில் போர்டிங். ஓர் அறையில் மூன்று கட்டில். பகலில் விரிவுரை, பின்னேரம் ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணிதம் டியூஷன், அதற்குப் பிறகுதான் சொந்தப் படிப்பு. இரண்டாம் வருடத்தில், பதினொரு மணிக்குப் படுத்தாலும் விடியப்புறம் மூன்று மணி வரை கண் மூடாமல் கிடப்பது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் மூன்று இரவாவது இப்படியாகி, அது மூன்று மாதம் நீடித்தால் நாட்பட்ட நித்திரையின்மை என்று மருத்துவர்கள் கணிப்பார்கள். நான் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தேன்.

அந்த நேரத்தில் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பட்ச் குரூப்பில் நான் போட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் போடவில்லை என்றால், இரவு இரண்டு மணிக்கு அது எல்லோரும் சேர்ந்து என்னை ஒதுக்குவதாகத் தெரியும். விரிவுரையாளர் ஒருவர் முகம் கொடுக்காமல் போனதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்ப்பேன். விடிந்ததும் பாதி கரைந்துவிடும், மீதி பகல் முழுக்கக் கூடவே வரும். விரிவுரை மண்டபத்தில் பின்வரிசைக்குப் போனேன். பிறகு சில வகுப்புகளுக்குப் போகாமலே விட்டேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல என்பதை ஓர் ஆய்வுதான் காட்டியது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் தலைமையில், பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்டார்கள். நித்திரைக் குறைபாடுள்ள மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இணையவழியாக இதே சிபிடி-ஐ பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பயிற்சி பெற்றவர்களின் நித்திரை நன்றாகவே திருந்தியது. அதோடு மற்றவர்கள் தமக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற சந்தேகம் குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்தன. சந்தேகம் குறைந்த அளவு நித்திரை திருந்திய அளவைப் போலப் பெரிதல்ல, சிறியதுதான். பயிற்சியை இடையில் விட்டவர்களும் நிறையப் பேர். ஆனாலும் அந்தச் சந்தேக விஷயத்தை வாசித்தபோது, என்னுடைய இரண்டு மணிச் சிந்தனைகளை யாரோ எழுதி வைத்திருப்பதாக உணர்ந்தேன்.

வழி காட்டியது எங்கள் ஊர் அக்கா ஒருவர். இப்போது வைத்தியராக இருக்கிறார். நித்திரைக் குளிசை கேட்டுத்தான் அவருக்கு அழைத்தேன். "குளிசைக்கு முதல் இதைச் செய்து பாரும்," என்றார். அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இலேயே பெரியவர்களின் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் சிகிச்சையாக இதைத்தான் பரிந்துரைத்தது என்பதையும் அவரே சொன்னார்.

முதல் வேலை கொப்பி. எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறத்தாழ எப்போது நித்திரை வந்தது, இடையில் எவ்வளவு நேரம் முழித்திருந்தேன், எத்தனைக்கு எழும்பினேன். காலையில் எழுந்த பிறகுதான் எழுத வேண்டும், இரவில் மணிக்கூடு பார்க்கவே கூடாது. சில வாரங்களுக்குப் பிறகு அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டிலில் எட்டரை மணித்தியாலம், நித்திரை ஐந்தரை.

"அப்ப உமக்குக் கட்டில் ஐந்தரை மணித்தியாலம்தான். பன்னிரண்டரைக்கு முதல் படுக்காதையும். ஆறு மணிக்கு எழும்பும், ஞாயிறும்தான்."

நித்திரை போதாதவனிடம் படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. முழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து நித்திரைக்கான அழுத்தத்தைக் கூட்டுகிறது. கட்டிலில் இருக்கும் நேரத்தைச் சுருக்கினால் அந்த அழுத்தம் சிதறாமல் ஒரே இடத்தில் குவியும். கட்டிலில் இருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் நித்திரை வந்துவிட்டால், அடுத்த வாரம் கால் மணித்தியாலம் கூட்டலாம். ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1987இல் எழுதி வைத்த முறையிலிருந்து வந்தது இது.

முதல் வாரங்கள் கடினம், அதை மறைக்க மாட்டேன். பகலில் தலை கனத்தது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வந்தது. பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஒருவரும் இதைத் தொடங்க வேண்டாம். செமஸ்டர் தொடங்கும் காலம்தான் நல்லது.

எங்கள் நிலைமையில் மிகவும் இடறுவது அடுத்த விதி: கட்டில் நித்திரைக்கு மட்டும். நித்திரை வராவிட்டால் எழும்பி வேறிடம் போ, கண் சொருகும்போது மட்டும் திரும்பி வா. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் சொன்னது. தனி அறையும் வரவேற்பறையும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். எங்கள் போர்டிங்கில் கட்டில்தான் கதிரை, மேசை, சாப்பாட்டு மேசை, அம்மாவோடு போனில் கதைக்கும் இடம். நாள் முழுக்க அதில் இருந்து கவலைப்பட்டுவிட்டு, இரவில் அதே மெத்தையில் படுத்ததும் மூளை அமைதியாக வேண்டும் என்றால் எப்படி ஆகும்? நான் இரண்டு காரியம் செய்தேன். ஊரிலிருந்து ஒரு பன்பாய் கொண்டுவந்து, பகலில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விரித்துப் படிப்பு, சாப்பாடு, போன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். இரவில் எழும்பிப் போக, நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. முதல் நாட்களில் வீட்டுக்கார அன்ரி பயந்துபோனார். "என்ன தம்பி, இருட்டுக்குள்ள தனிய இருக்கிறீர்? வீட்டில ஏதும் பிரச்சினையோ?" விளக்கிச் சொன்ன பிறகு, தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். இந்தப் பயிற்சியில் என்னை நிலைக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அறைக்குள் இருப்பவர்களோடு பேசாமல் இதைச் செய்யவே முடியாது. ஒருவன் இரவு ஒரு மணி வரை லைட் போட்டுப் படிப்பவன், மற்றவன் ஆறு மணி அலாரத்தை வெறுப்பவன். அவன் "மச்சான், உன்ர நித்திரைக்கு என்ர நித்திரைய ஏன் கெடுக்கிறாய்?" என்று கேட்டது நியாயமான கேள்வி. போனை அதிர்வில் விட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தேன், லைட்டுக்குப் பதிலாக மேசை விளக்கு வந்தது. காலி வீதியில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தமும் கரையோர ரயிலும் நம் கையில் இல்லை. மின்விசிறியின் இரைச்சல் ஓரளவு மூடிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பலன் தந்தது எழும்பும் நேரம்தான். படுக்கும் நேரத்தை நாம் தீர்மானிக்கலாம், நித்திரையை வரச் சொல்ல முடியாது. எழும்புவது மட்டும் முழுக்க நம் கையில். கொழும்பு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிகிறது. காலை வெளிச்சம் உடல் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளும். இருபது வயதுக்காரருக்கு அந்த மணிக்கூடு இயல்பாகவே பிந்தி ஓடுவதால் அந்த வெளிச்சம் இன்னும் முக்கியம். எழும்பியதும் முகம் கழுவிவிட்டு மரைன் டிரைவுக்கு இறங்கி நடப்பேன். மழை பெய்தால் பல்கனியில் நிற்பேன்.

தேத்தண்ணி பின்னேரம் மூன்றோடு முடியும். உட்கொண்ட கஃபேனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணித்தியாலம் எடுக்கும்.

மனம் எப்போது மாறியது என்று திகதி சொல்ல முடியாது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நித்திரை ஆறரை மணித்தியாலத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதித்து, மற்றவை வந்தன. பதில் வராத செய்தி வெறும் பதில் வராத செய்தியாகவே நின்றது. விரிவுரைகளுக்குத் திரும்பப் போனேன். ஒரு குழு அசைன்மென்ட்டில் எனக்கு உடன்பாடில்லாததை நேரே சொல்லவும் முடிந்தது. எதிர்காலம் பற்றிய கவலை, வீட்டுக் கடன், வேலை கிடைக்குமா என்ற பயம் ஒன்றும் போகவில்லை. அவற்றைப் பகலில் யோசிக்கப் பழகினேன். பின்னேரம் ஏழு மணியளவில் கவலைகளையும், ஒவ்வொன்றுக்கும் நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்னும் தீராதது இரவு பஸ். வெள்ளவத்தையில் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். லீவு முடிந்து திரும்பும்போதும் அதே கதை, இறங்கியதும் திங்கட்கிழமை விரிவுரை. அன்று மத்தியானம் அரை மணித்தியாலத்துக்கு மேல் படுக்காமல், இரவு வழமையான நேரம் வரை தாக்குப்பிடித்தால் இரண்டு நாளில் சரியாகிறது. பகல் முழுக்கப் படுத்துத் தூங்கினால் ஒரு வாரம் போய்விடும்.

நேரத்தைச் சுருக்கும் பகுதியைத் தனியாகச் செய்யக் கூடாதவர்கள் இருக்கிறார்கள்: வலிப்பு உள்ளவர்கள், மனநிலை மிகவும் உயர்ந்து பின் தாழும் இருதுருவ நோய் உள்ளவர்கள், நீண்ட தூரம் வாகனம் ஓட்டுபவர்கள். அவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். பலமான குறட்டையும் மூச்சு நிற்பதும் இருந்தால் அது வேறு நோய், வேறு சிகிச்சை. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் கொப்பியையும் அலாரத்தையும் நம்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. இன்றைக்கே அழையுங்கள். அழைக்கத் தயக்கமாக இருந்தால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பி, அவரைக் கூட இருக்கச் சொல்லிவிட்டு அழையுங்கள்.